பால் விலையும் பசுவின் கணக்கும்

கிராமத்துப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் உத்தியோகம் என்றால், கோழி கூவுமுன் கதவைத் திறந்து, வருகிற பாலை அளந்து, பரீட்சித்து, கேனில் ஊற்றி, வண்டியேற்றி அனுப்பிவிட்டு, வாரம் தவறாமல் பட்டுவாடா செய்வதோடு முடிந்துபோகிற காரியம் என்றுதான் பலரும் எண்ணுவார்கள். ஆனால் அந்த மேஜைக்குப் பின்னால் பல்லாண்டு காலம் உட்கார்ந்திருப்பவனுக்கு, எந்தப் பள்ளியிலும் கிடைக்காத ஒரு படிப்பு தானாகவே கிடைத்துவிடுகிறது. எங்கோ தலைநகரில் நிர்ணயமாகிற ஒரு லிட்டர் பாலின் விலை, ஒரு சம்சாரியின் கட்டுத்தறிக்குள் எந்த வழியாக நுழைகிறது, முதலில் எதைத் தொடுகிறது, கடைசியில் எதைத் தொடுகிறது என்பதே அந்தப் படிப்பு. பவானிக்குக் கீழே காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில், மஞ்சளும் கரும்பும் நெல்லும் விளைகிற ஓர் ஊரில் அந்த உத்தியோகத்தைப் பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நான் கண்டதைக் கூடியவரை ஒழுங்காகச் சொல்ல விரும்புகிறேன்.

1946ல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் தோன்றி, 1949 முதல் வர்கீஸ் குரியனின் நிர்வாகத் திறமையும் சேர்ந்து வளர்ந்த கூட்டுறவு முறை, 1970ல் ஆரம்பமான வெண்மைப் புரட்சித் திட்டத்தின் வழியாகத் தேசமெங்கும் பரவி, 1981ல் தமிழ்நாட்டில் மாநில இணையமும் அமைந்து, ‘ஆவின்’ என்ற பெயர் வீட்டுக்கு வீடு வழங்கத் தொடங்கிய காலத்தில்தான் எங்கள் பக்கத்து ஊர்களில் சங்கங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. அதற்கு முன் பால் என்பது வீட்டுத் தேவைக்கு மிஞ்சினால் நெய்யாகவோ, முன்பணம் கொடுத்துவைத்திருக்கும் பால்காரரின் படிக்கோ போகிற பண்டமாக இருந்தது. படியில் நுரை எவ்வளவு, பால் எவ்வளவு என்று கேட்கும் தைரியம் கடன்பட்டவர்களுக்கு இருந்ததில்லை. சங்கம் வந்த பிறகே பாலுக்கு அதன் தரத்தை வைத்து விலை என்ற ஏற்பாடு ஊருக்குள் வந்தது. சித்தோட்டுப் பால் பண்ணைக்குப் போகும் வண்டி, நாளுக்கு இருமுறை நிச்சயமாக வரும் என்ற நம்பிக்கையும் அதனோடு வந்தது.

தரம் பார்ப்பது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் விலையின் முதல் ரேகை அங்கேதான் விழுகிறது. மின்சாரப் பரிசோதனைக் கருவிகள் வருவதற்கு முன் எங்களுக்கு இருந்தவை லாக்டோமீட்டரும் கெர்பர் சோதனையும்தான். நீண்ட கழுத்துள்ள கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலத்தை முதலில் விட்டு, அதன்மேல் 10.75 மில்லி பாலைச் சுவரோரமாக வழியவிட்டு, ஒரு மில்லி அமைல் ஆல்கஹாலும் சேர்த்து, ரப்பர் மூடியால் இறுக அடைத்துக் குலுக்கினால், குழாய் கையைச் சுடும் அளவுக்குக் கொதிப்பேறி, பால் கருஞ்சிவப்பாக மாறிவிடும். அதைச் சுழல் இயந்திரத்தில் வைத்துச் சுற்றி எடுத்தால், பாலிலிருந்த கொழுப்பு மட்டும் பிரிந்து கழுத்துப் பகுதியில் தேன் நிறத்தில் ஒரு சிறு பத்தியாக நிற்கும். அந்தப் பத்தியின் உயரம் கொழுப்பின் சதவிகிதம். லாக்டோமீட்டர் காட்டும் அளவையும் அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் கொழுப்பில்லாத திடச்சத்தின், அதாவது இதரசத்தின், சதவிகிதம் கிடைக்கும். கொழுப்பு, இதரசத்து என்ற இவ்விரண்டு எண்களே ஒரு குடும்பத்தின் வாரச் செலவை நிர்ணயிப்பவை.

இந்த இதரசத்து எண்ணில் நான் கண்ட அதிசயம் ஒன்று உண்டு. தீவன மூட்டையின் விலை ஏறினாலும் சரி, பாலின் விலை இறங்கினாலும் சரி, ஊரில் பாலின் அளவு குறைந்துவிட்டதாக யாரும் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே, வீட்டுக்கு வீடு லாக்டோமீட்டர் அரைக்கோடு, ஒரு கோடு என்று இறங்கத் தொடங்கிவிடும். தண்ணீர் கலப்பதாகச் சந்தேகிப்பது அனுபவமில்லாதவர்களின் அவசரம். தண்ணீர் கலந்தால் கொழுப்பும் கூடவே இறங்க வேண்டும். இங்கேயோ கொழுப்பு நின்ற இடத்தில் நிற்கும், சில சமயம் சற்று ஏறக்கூடச் செய்யும். புண்ணாக்கும் தவிடும் குறைந்து, சோளத்தட்டும் வைக்கோலும் மிகுந்துவிட்டன என்பதற்கு அதுவே சாட்சி.

பத்து லிட்டர் கறக்கிற கலப்பினப் பசு ஒன்றுக்கு உடம்பைக் காக்க ஒன்றரை இரண்டு கிலோவும், கறக்கிற ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோவுமாக, நாளுக்கு ஆறு கிலோ அளவில் கலப்புத் தீவனம் வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பால் விலை எவ்வளவு என்று தனியாகக் கேட்பதில் பிரயோஜனமில்லை. ஒரு லிட்டர் பாலை விற்ற காசுக்கு எத்தனை கிலோ தீவனம் வாங்கலாம் என்று கேட்பதே பிரயோஜனமான கேள்வி. ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வாங்க முடிந்த காலங்களில் எங்கள் ஊரில் யாரும் விலையைப் பற்றிப் பேசியதில்லை. ஒரு கிலோவை நெருங்கினால் முணுமுணுப்பு எழும். அதற்கும் கீழே போனால் தீவனச் சட்டி சுருங்கத் தொடங்கும்.

விலை குறைந்த ஒரு சமயம், இரண்டு பசுக்களை வைத்து ஜீவனம் நடத்திவந்த ஒரு வயதான அம்மாள், தூக்குப் போசியை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: “ஏனுங்க செக்ரட்டரி, வெலைய ரெண்டு ரூவா கொறச்சுப்போட்டீங்க, மாட்டு வவுத்த எப்படிங்க கொறைக்கறது?” நான், “என்னங்க ஆத்தா பண்றது, மேலயிருந்து வந்த உத்தரவு” என்றேன். “மேலயிருக்கறவங்களுக்கு மாடு இருந்தாத் தெரியுமுங்க” என்று சொல்லிவிட்டு, அட்டையில் எண்ணைப் பதியச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அந்த அம்மாள் மாட்டை விற்கவில்லை. ஆறு கிலோவை நான்கு கிலோவாக்கினார். பத்து லிட்டர் ஒரே வாரத்தில் எட்டானது. கன்று ஈன்று ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் உச்சத்துக்கு வரவேண்டிய கறவை அந்தச் சமயத்தில் வயிறு காய்ந்துவிட்டால், பிறகு விலை திரும்பித் தீவனம் திரும்பினாலும், அந்த ஈத்தில் இழந்த உச்சம் திரும்புவதில்லை.

தீவனச் சட்டிக்கு அடுத்தபடியாக விலை சென்று தொடுவது பசுவின் கர்ப்பப்பையை. பசு சினைப்பருவத்துக்கு வருவது இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை. அதன் அடையாளங்கள் வெளியே தெரிவது ஒரு நாளுக்கும் குறைவான நேரமே. ஈன்ற மூன்று மாதத்துக்குள் மறுபடி சினை நின்றால்தான், ஒன்பது மாதமும் பத்து நாளும் கழித்து அடுத்த கன்று, அடுத்த கறவை என்று சக்கரம் சுழலும். அரைவயிற்றுப் பசு கறவையையும் தாங்கி உடம்பையும் தாங்க வேண்டியிருப்பதால், மெலிந்து, பருவத்துக்கு வந்ததே தெரியாமல் ஊமைப் பருவமாகக் கழித்துவிடும். அல்லது சினை ஊசி போட்டும் சினை நிற்காது. ஒவ்வொரு தவறுதலுக்கும் இருபத்தொரு நாள் நஷ்டம். கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்ட பதிவேட்டையும் எங்கள் சங்கத்தின் கொள்முதல் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு சித்திரையில் விழுந்த விலை அடுத்த ஆண்டுக் கொள்முதலில் பள்ளமாக நிற்பதைப் பார்க்கலாம். அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியும்போது விலை ஒருவேளை ஏறியே இருக்கும்; “விலை ஏறியும் பால் வரவில்லையே” என்று மேலதிகாரிகள் திகைப்பது இதனால்தான்.

மூன்றாவதாக விலை சென்று சேரும் இடம் சந்தை. ஈரோடு கருங்கல்பாளையத்தில் வியாழக்கிழமை தோறும் கூடுகிற மாட்டுச் சந்தைக்குக் கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள். அங்கே விலை வாயால் பேசப்படுவதில்லை. தரகர் தோளிலிருக்கும் துண்டை உதறி, விற்பவர் கைமேல் போர்த்தி, அந்த மறைவில் விரல்களைப் பிடித்து அழுத்துவார். விற்பவர் தலையசைத்து மறுத்து, தாம் வேண்டுகிற விரல்களைத் திருப்பிப் பிடிப்பார். சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும் தெரிவது அசைகிற துண்டு மட்டுமே. துண்டுக்குள் நடப்பதை அறிய வழியில்லாவிட்டாலும், எந்த மாடுகள் சந்தைக்கு வந்திருக்கின்றன என்பதைக் கண் திறந்து பார்ப்பவனுக்கு ஊரின் லாபநஷ்டம் விளங்கிவிடும். பால் வற்றி, சினையும் நிற்காத மாடுகள் மட்டும் வந்திருந்தால் அது சர்வசாதாரணமான கழிவு. இரண்டு பல் போட்ட கிடாரிகள் வரிசையாகக் கட்டியிருந்தால் கஷ்டம் ஆரம்பித்துவிட்டது. ஈனுவதற்கு இரண்டு மாதமே இருக்கிற சினைமாடும், இளங்கன்றோடு தலைஈத்துக் கறவையும் வந்து நின்றால், ஊர் தன் விதைநெல்லையே அளக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கழிவு மாட்டுக்குக் கிடைக்கிற விலையும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. பயன் முடிந்த மாட்டை விற்ற பணம்தான், கொஞ்சம் சேர்த்து, அடுத்த மாட்டுக்கு முதலாகிறது. 2017 மே மாதத்தில், சந்தைகளில் மாடுகளை இறைச்சிக்காக விற்பதைக் கட்டுப்படுத்தி மத்திய அரசு விதிகளை வெளியிட்டபோது, சில நாட்களுக்குள்ளேயே உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது என்றாலும், வியாபாரிகளின் தயக்கம் உடனே நீங்கிவிடவில்லை. வற்றிய மாட்டை என்ன செய்வது என்ற நிச்சயமின்மை, கறக்கிற மாட்டை வாங்க நினைத்தவனின் கையையும் பிடித்து நிறுத்தியதை அந்நாட்களில் பார்த்தேன்.

விலை ஏறினால் மேற்சொன்னதெல்லாம் அப்படியே தலைகீழாக நடக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு; ஆனால் நடப்பது அதுவல்ல. தீவனம் மட்டும் உடனே ஏறும், ஓரளவுக்குப் பாலும் ஏறும். மந்தை உடனே ஏறுவதில்லை. என் ஊர்க்காரர் ஒருவர் சந்தையில் மாடு வாங்கி வந்தால் எங்கள் சங்கத்தில் பால் கூடுமேயன்றி, வேறோர் ஊரின் சங்கத்தில் அதே அளவு குறையும். நாட்டின் மொத்தப் பாலுக்கு அதனால் விருத்தியில்லை. விருத்தி என்பது கிடாரிக் கன்றிலிருந்துதான் வரவேண்டும். பத்துக் கன்று பிறந்தால் ஏறக்குறைய ஐந்து காளையாகப் போய்விடும். மிச்சத்தில் ஒன்று நோயில் போகும், ஒன்று சினை நிற்காமல் போகும். தப்பிய மூன்று, ஒன்றரை வயதுக்குமேல் ஊசி போட்டு, சினை நின்று, ஈன்று, முதல் பாலைச் சங்கத்துக்குக் கொண்டுவர இரண்டரை ஆண்டு, பெரும்பாலும் மூன்று ஆண்டு ஆகும். அந்த மூன்று ஆண்டும் அவை தின்கிற தட்டுக்கும் தவிட்டுக்கும் வருமானம் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் தலைமடைக்காரனுக்கு அன்றே கிடைக்கும், கடைமடைக்காரன் காத்திருக்க வேண்டும். அதுபோலவே விலை திறக்கிற நாளில் தீவனச் சட்டி தலைமடையாகவும் கன்று கடைமடையாகவும் இருக்கின்றன. அடைக்கிறபோதும் அதே வரிசை என்றால் பாதகமில்லை. ஆனால் கிடாரியைச் சந்தைக்கு ஓட்டிச் செல்ல ஒரு வியாழக்கிழமை போதும்.

இதற்குப் பிரத்தியட்ச உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது 2014 முதலான ஆண்டுகளை. அந்த ஆண்டு நவம்பர் முதல் தேதியிலிருந்து அரசு பசும்பாலின் கொள்முதல் விலையை லிட்டருக்கு 23 ரூபாயிலிருந்து 28 ஆகவும், எருமைப்பாலை 31லிருந்து 35 ஆகவும் உயர்த்தியது. எங்கள் ஊரில் அந்தத் தையில் கிடாரிகளை யாரும் சந்தைக்கு ஓட்டவில்லை. தீவனப் புல் கரணைக்கு வாய்க்கால் ஓரமெல்லாம் கிராக்கி ஏற்பட்டது. மூன்றாண்டு கழித்து வரவேண்டிய பாலுக்கான பயிரைச் சம்சாரிகள் அன்றே நட்டார்கள். இடையில் உலகத்தில் வேறு காரியங்கள் நடந்தன. 2014 ஆகஸ்டில் ருஷியா மேலை நாட்டுப் பாற்பொருள்களுக்குத் தடை விதித்தது. 2015 ஏப்ரலில் ஐரோப்பா, 1984 முதல் நடைமுறையிலிருந்த பால் உற்பத்தி வரம்பை நீக்கியது. பால் பவுடரின் உலக விலை சரிந்தது. நூறு லிட்டர் கொழுப்பு நீக்கிய பாலைக் காய்ச்சினால் ஒன்பது கிலோ அளவில் பவுடர் வரும்; அந்த ஒன்பது கிலோவுக்குக் கிராக்கி இல்லையென்றால், மிஞ்சிய பாலைப் பவுடராக்கி வைக்கும் ஸ்தாபனம் எதுவும் கொள்முதல் விலையைத் தூக்கிப் பிடிக்க முடியாது.

2016ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவிகிதம் குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. வைக்கோல் கட்டின் விலை மளமளவென்று ஏறியது. 2014க்குப் பிறகு ஆசையோடு வளர்த்த கிடாரிகளில் ஒரு பகுதி, முதல் கன்றைக் காணாமலே சந்தைக்குப் போயிற்று. தப்பிய கிடாரிகள் ஈன்று பாலோடு சங்கத்துக்கு வந்த 2017, 2018ஆம் ஆண்டுகளில், தேசமெங்கும் பவுடர் தேங்கிக் கிடந்தது. மகாராஷ்டிரத்தில் 2018 ஜூலையில் சம்சாரிகள் விலை கேட்டுப் பாலை வீதியில் கொட்டினார்கள். எங்கள் பக்கத்தில் தனியார் பால் நிறுவனம் ஒன்று, கோடையில் சங்கத்தைவிட இரண்டு ரூபாய் கூட்டிக் கொடுத்து பால் ஊற்றுபவர்களை இழுத்துக்கொண்டு, மழைக்காலத்தில் பால் பெருகியதும் நாலைந்து ரூபாய் குறைத்தது; அன்று எங்களை விட்டுப் போனவர்கள் அத்தனை பேரும் போசியோடு எங்கள் வாசலில் நின்றார்கள். அடுத்த உயர்வு 2019 ஆகஸ்டில்தான் வந்தது: பசும்பால் 32 ரூபாய், எருமைப்பால் 41. 2014ல் சொல்லப்பட்ட விலைக்குப் பசு 2017ல் பதில் சொன்னது. அந்தப் பதிலைக் கேட்க அப்போது ஆளில்லை.

விலை ஒன்றே மந்தையை ஆட்டுவிப்பது என்று சொல்லிவிட்டால் எருமை அதைப் பொய்யாக்கிவிடும். எருமைப்பாலுக்கு எப்போதும் பசும்பாலைவிட அதிக விலை. 2022 நவம்பரில் நிர்ணயித்த விலை பசும்பாலுக்கு 35, எருமைப்பாலுக்கு 44. ஆனாலும் தமிழ்நாட்டில் 2012 கணக்கெடுப்பில் 7.8 லட்சமாக இருந்த எருமைகள் 2019ல் 5.2 லட்சமாகக் குறைந்தன. அதே காலத்தில் மாட்டினம் கூடியது. எருமை கன்று சுமப்பது பத்து மாதமும் சில நாளும். முதல் ஈத்துக்கு வருவதற்குள் பசு இரண்டாம் ஈத்தை நெருங்கிவிடும். புரண்டு கிடக்கக் குட்டை வேண்டும், மேயப் புறம்போக்கு வேண்டும், ஓட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். குட்டை தூர்ந்து, புறம்போக்கு மனையாகி, பிள்ளைகள் பின்னலாடைக் கம்பெனிக்குப் போன பிறகு, லிட்டருக்கு ஒன்பது ரூபாய் வித்தியாசம் எருமையைக் காப்பாற்றவில்லை. மஞ்சளும் அப்படியே. 2010ஆம் ஆண்டு வாக்கில் ஈரோட்டு மஞ்சள் முன்னெப்போதும் காணாத விலைக்கு விற்றபோது, தட்டு விதைத்த காடெல்லாம் மஞ்சளாயிற்று. பால் விலை இறங்காமலே சங்கத்தில் பால் இறங்கிற்று.

ஒரே விலைக்கு எல்லாரும் ஒரே பதில் சொல்வதில்லை என்பதும் என் அனுபவம். இரண்டு மாட்டுக்காரி தன் உழைப்புக்குக் கூலி எழுதுவதில்லை. வரப்புப் புல்லுக்கும் கரும்புத் தோகைக்கும் காசு கொடுப்பதில்லை. ஆகவே விலை விழுந்தால் தீவனத்தைச் சுருக்கிக்கொண்டு தாக்குப்பிடிப்பாள். விலை நன்றாயிருந்த ஒரு சமயத்தில் வெளியூர் உத்தியோகத்தை விட்டுவிட்டுத் திரும்பி, வங்கிக் கடனில் முப்பது மாட்டுப் பண்ணை வைத்த இளைஞரோ, புல்லையும் விலைக்கு வாங்கி, ஆளுக்கும் சம்பளம் கொடுத்து, தவணையும் கட்ட வேண்டியவர். விலை மூன்று ரூபாய் இறங்கியதும் அவர் சுருக்குவதற்கு ஒன்றுமில்லை, விற்பதற்கு மாடுதான் இருந்தது. 2020 ஊரடங்கில் டீக்கடையும் ஓட்டலும் கல்யாண மண்டபமும் மூடிக் கிடந்தபோது பால் தேங்கியதும், முதலில் காலியானவை அப்படிப்பட்ட கொட்டகைகளே. பெரிய பண்ணைதான் பலமானது என்ற அபிப்பிராயம் விலை ஏறும் காலத்துக்கு மட்டும் பொருந்தும்.

பிற தேசங்களில் இதே சிக்கலுக்கு வேறு யுக்திகளைக் கையாண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1986ல் அரசே பணம் கொடுத்து, பண்ணைக்காரர்கள் மந்தை முழுவதையும் விற்றுவிட்டு ஐந்தாண்டு பால் தொழிலிலிருந்து விலகியிருக்க ஏற்பாடு செய்தது. ஒரே சமயத்தில் அத்தனை பசுக்கள் சந்தைக்கு வந்ததில் இறைச்சி மாட்டின் விலை விழுந்து, அந்தத் தொழில்காரர்கள் வழக்குக்குப் போனார்கள். மந்தையை அவசரமாகக் கூட்டவும் முடியாது, அவசரமாகக் குறைத்தால் வேறெங்கோ காயம் படும் என்பதற்கு அது சான்று.

நான் பார்த்த வரையில், சம்சாரிக்கு வேண்டியது உயர்ந்த விலை என்பதைவிட, இன்ன அளவுக்குக் கீழே மூன்று ஆண்டுக்கு இறங்காது என்ற உறுதியே. 2023 டிசம்பரில் அறிவித்த மூன்று ரூபாய் ஊக்கத்தொகை போன்றவை நல்லவைதாம். ஆனால் தொகை எவ்வளவு என்பதோடு எத்தனை காலத்துக்கு என்பதும் சொல்லப்பட்டால்தான், அது தீவனச் சட்டியோடு நின்றுவிடாமல் கன்று வரைக்கும் போய்ச் சேரும். நல்ல விலைக் காலத்தில் சந்தையில் மாடு தேடாதே, வீட்டுக் கிடாரிக்குத் தவிடு போடு, கால் ஏக்கரில் தீவனப் புல் நடு என்பது சங்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் நான் சொல்லிவந்தது. கேட்டவர்கள் அடுத்த சரிவைக் குறைந்த சேதத்தோடு கடந்தார்கள். ஒவ்வொரு விலை அறிவிப்புக்குப் பிறகும் மறுநாள் கொள்முதல் எத்தனை லிட்டர் கூடிற்று என்று விசாரிக்கிற அதிகாரிகளுக்கு அந்த எண்ணை எழுதி அனுப்பத்தான் வேண்டும். அதோடு ஊரில் ஒரு வயது தாண்டிய கிடாரிகள் எத்தனை, அவற்றில் சென்ற ஆறு மாதத்தில் விற்றுப்போனவை எத்தனை என்ற இரண்டு எண்களையும் சேர்த்து ஒவ்வொரு சங்கமும் எழுதி அனுப்பும் வழக்கம் ஏற்பட்டால், மூன்று ஆண்டு கழித்து வரப்போவது பஞ்சமா வெள்ளமா என்பதை இன்றே படித்துக்கொள்ளலாம். அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை, வாரம் ஒருநாள் தெருவில் நடந்து கட்டுத்தறிகளை எட்டிப் பார்த்தால் போதும்.